பெண் பச்சோந்தியும் முட்டையிடும் பருவமும்

மழை பெய்து மண் இளகிய நாட்களில், பலமனேரைச் சூழ்ந்த முட்காடுகளிலும் தோப்புகளிலும் பெண் பச்சோந்தி மரத்தை விட்டுத் தரைக்கு இறங்கி வருகிறது. ஆண்டின் பெரும்பகுதியைக் கிளைகளிலேயே கழிக்கும் இவ்வுயிர், முட்டையிடுவதற்கு ஈரமான மண்ணையே நாடவேண்டியுள்ளது. நிறம் மாறும் ஓணானையும் பச்சோந்தி என்றழைப்போர் பலர். இரண்டும் வேறு. உண்மைப் பச்சோந்தியின் கண்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே சுழலும், விரல்கள் இரு கற்றைகளாக இணைந்து கிடுக்கிபோல் கிளையைப் பற்றும், வால் சுருளும். இந்தியாவில் வாழும் ஒரே பச்சோந்தியினம் இதுவே. 1768-ஆம் ஆண்டில் லாரன்டி என்னும் அறிஞர் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். தெலுங்கில் இதனை ஊசரவெல்லி என்பர்.

தரையில் நடக்கும் பச்சோந்தியைப் போல் ஆதரவற்ற பிராணி வேறு காண்பதரிது. மரத்திற்கென அமைந்த கால்கள் சமநிலத்தில் விரைந்து செல்ல உதவுவதில்லை. வண்டிச் சக்கரத்தில் சிக்குவதும், நஞ்சுடையது என்று அஞ்சுவோரின் கல்லடிக்கு ஆளாவதும் இந்நாட்களிலேயே மிகுதி. இதற்கு நஞ்சு கிடையாது. சினையுற்ற ஒரு பெண்ணைக் கொல்வதனால் பத்து முதல் முப்பது முட்டைகள் வரை உடன் அழிகின்றன என்பதை மாணவர்க்கு எடுத்துரைத்தல் ஆசிரியரின் கடமையாகும்.

வேறு சிலர் இரக்கத்தாலோ ஆவலாலோ இதனைப் பிடித்து வீட்டிலும் பள்ளியிலும் வளர்க்க முற்படுகின்றனர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். கண்டெடுத்த பச்சோந்தி நலமாயிருப்பின், கண்ட இடத்திற்கு அருகிலேயே, சாலைக்கு அப்பால் உள்ள புதரில் விட்டுவிடுவதே முறை. ஆயினும் அடிபட்டவையும் பறிமுதல் செய்யப்பட்டவையும் வனத்துறையினரிடம் வந்து சேர்வதுண்டு. 1990-ஆம் ஆண்டு அமைக்கப்பெற்ற கௌண்டின்ய வனவிலங்குப் புகலிடம் யானைகளாலேயே பேர்பெற்றது. எனினும் அங்குள்ள பணியாளர்க்கு இச்சிறு உயிரைப் பேணும் முறையும் தெரிந்திருத்தல் நலம். மேலைநாடுகளில் பெரிதும் வளர்க்கப்படுவது ஏமன் நாட்டைத் தாயகமாகக் கொண்ட கொண்டைப் பச்சோந்தி. இந்தியாவில் அதை வைத்திருப்போர் 2024-ஆம் ஆண்டின் விதிகளின்படி அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். கூண்டில் பெண்ணைப் பேணுவது குறித்து இன்று அறியப்பட்டவற்றுட் பெரும்பகுதி அவ்வினத்திலிருந்தே கிடைத்தது.

அவ்வினத்துப் பெண், ஆணையே காணாதிருப்பினும் முட்டையிடும். ஒரு முறை இணைந்தபின் விந்தை உடலுள் சேமித்து வைத்து, அடுத்த ஈட்டு முட்டைகளையும் கருவுறச் செய்யவல்லது. உணவும் வெப்பமும் மிகுந்திருந்தால் ஓர் ஆண்டில் பல ஈடுகள் தொடரும். ஒவ்வோர் ஈட்டிற்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் கொழுப்பும் தாயின் உடலிலிருந்தே செல்கின்றன. உணவில் சுண்ணாம்பு குறைந்தால் எலும்பு கரையும். இரத்தத்தில் அது குன்றினால் தசைகள் வலுவிழந்து முட்டைகளை வெளித்தள்ள இயலாது போகும். நன்றாகத் தின்று கொழுத்த பெண் நெடுநாள் வாழும் என்பது இயல்பான எண்ணம். இங்கோ உண்மை நேர்மாறானது. முழு வளர்ச்சியுற்ற பெண்ணுக்கு நாள்தோறும் இரை வேண்டுவதில்லை. வாரத்தில் மூன்று நாள் அளித்து, வெயில் காயும் இடத்தின் வெப்பத்தை 30 பாகை சென்டிகிரேடுக்குக் கீழ் வைத்தால் முட்டைகளின் தொகையும் ஈடுகளின் எண்ணிக்கையும் குறைகின்றன.

வெட்டுக்கிளி, சுவர்க்கோழி முதலிய பூச்சிகளில் சுண்ணாம்பைவிட எரியம் மிகுதி. ஆகவே பூச்சிகளுக்கு முதலில் கீரையூட்டி, பின் சுண்ணாம்புச் சத்துத் தூளைச் சிறிது தூவி அளிப்பர். அச்சத்து உடலில் சேர உயிர்ச்சத்து 'டி' வேண்டும். அதனைத் தருவது நேரடி வெயில். கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயிலில் அதற்குரிய புற ஊதாக் கதிர்கள் தடைபட்டுவிடும். கிண்ணத்து நீரைப் பச்சோந்தி பெரும்பாலும் பொருட்படுத்தாது. இலைகளின்மேல் நீர் தெளித்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் முதன்மையானது முட்டையிடும் இடம். ஓர் அடி ஆழத்திற்கு ஈர மணல் நிரப்பிய தொட்டி எந்நேரமும் கூண்டினுள் இருத்தல் வேண்டும். தோண்டும் வளை சரிந்துவிடாத அளவுக்கு மணலில் ஈரம் இருப்பது அவசியம். பெண் அமைதியின்றிக் கீழே இறங்கித் திரிவதும் இரையை மறுப்பதும் பருவம் நெருங்கியதற்கு அடையாளங்கள். அப்போது கூண்டைத் துணியால் மறைத்து, மனிதர் விலகியிருக்க வேண்டும். யாரேனும் பார்ப்பதை உணர்ந்தால் பாதி தோண்டிய வளையைக் கைவிட்டு முட்டைகளை அடக்கிக்கொள்ளும். இடமின்றி அடக்கிய முட்டைகளே உயிருக்கு உலை வைக்கின்றன. பகலில் கண்மூடிக் கிடத்தல், கண்குழிதல், கிளையைப் பற்ற இயலாமை, பலமுறை தோண்டியும் முட்டையிடாமை ஆகிய குறிகள் தோன்றினால் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வயிற்றை அழுத்தி முட்டையை வெளிக்கொணர முயல்வது உள்ளே முட்டை உடைவதற்கு இடமளிக்கும். மருத்துவர் எக்ஸ்கதிர்ப் படம் எடுத்து, சுண்ணாம்புச் சத்தும் நீரும் ஊசிவழி செலுத்துவார்; பயனில்லையேல் அறுவை மருத்துவமே வழி.

முட்டையிட்டு முடித்த தாய் வளையை மூடி, மண்ணைக் காலால் அழுத்திச் சமன்செய்து, மெலிந்து சோர்ந்து மேலேறும். அன்று முதலில் வேண்டுவது நீர். அதன்பின் சில நாட்களுக்குச் சற்று மிகுதியான இரை. முட்டைகளை அது காவல் காப்பதில்லை. வயலில் மண் வெட்டும்போது வெண்ணிறத் தோல்முட்டைகள் வெளிப்பட்டால், அவற்றைப் புரட்டாமல் அவை கிடந்த ஈர மண்ணாலேயே மூடிவிட்டுச் சற்றுத் தள்ளி வெட்டுவது போதும். குஞ்சுகள் வெளிவரப் பல மாதங்களாகும்.