மாணவரும் தவக்காலமும்

திருநீற்றுப் புதனன்று கத்தோலிக்கரின் நெற்றியிலே சாம்பல் இடப்படுகிறது. அன்று தொடங்கி உயிர்ப்புப் பெருவிழாவின் முன்னாள் வரையுள்ள 46 நாட்களில், ஆறு ஞாயிற்றுக்கிழமைகளையும் நீக்கி எண்ணினால் 40 நாட்கள் வரும். கிறிஸ்துநாதர் பாலைவனத்திலே 40 நாள் நோன்பிருந்ததை நினைவுகூரும் காலம் இது. செபம், நோன்பு, தருமம் என்னும் மூன்றும் இதன் தூண்கள்.

ஒருசந்தி, சுத்தபோசனம் என்னும் சொற்களை முதியோர் நன்கறிவர். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, இறைச்சியை விலக்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்தோர்க்கும், உணவைக் குறைக்கும் ஒருசந்தி 18 வயது நிறைந்தோர்க்குமே கடமையாகும். ஆகவே பாடசாலைப் பிள்ளைகளிற் பெரும்பாலோர் ஒருசந்திக்குக் கட்டுப்பட்டவரல்லர். ஆயினும், அவர்களுக்கும் தவத்தின் மெய்ப்பொருளை உணர்த்தும் பொறுப்பை அதே சட்டம் குருமார்மீதும் பெற்றோர்மீதும் சுமத்துகிறது. அப்படியாயின் சிறுவர் எதனைத் துறப்பது?

இக்கேள்விக்கு விடை வகுப்பறையிலேயே இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலே புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி 1865இலும், நல்லாயன் கன்னியர் மடப் பாடசாலை 1869இலும் தோன்றின. அக்காலந்தொட்டுக் கொழும்பின் கத்தோலிக்கப் பாடசாலைகளிலே பல சமயப் பிள்ளைகளும் கற்று வந்துள்ளனர். மலையகத்திலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வெள்ளவத்தைக்குப் புதிதாய் வந்த பிள்ளையின் பேச்சைக் கேலி செய்யும் நாவை அடக்குவது ஒரு நோன்பு. நோயினால் வராதவனுக்குப் பாடக் குறிப்புகளை எழுதிக் கொடுப்பது ஒரு தருமம். வாயிற் காவலாளரையும் துப்புரவுத் தொழிலாளரையும் மரியாதையுடன் விளித்து வணங்குவதற்குப் பணமும் வேண்டியதில்லை.

தருமத்தை மறைவாய்ச் செய்யவேண்டுமென்பது நற்செய்தியின் போதனை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே, காலை உணவின்றிப் பாடசாலை வந்த பிள்ளைகள் நாட்டிற் பலர். பசித்தவனைப் பலர் முன்னிலையிலே அழைத்துக் கொடுத்தால், வயிறு நிறையும், முகம் வாடும். "இன்று அம்மா கூடுதலாய்க் கட்டித் தந்துவிட்டார்" என்று கூறிப் பாதியைப் பகிர்ந்துகொள்ளும் பிள்ளை, வாங்குபவனின் மானத்தையும் காக்கிறது.

இப்பயிற்சி சிறுவர்க்குரிய எளிய செயலென்று எண்ணலாகாது. 2019 ஏப்ரல் 21ஆம் நாள், தவக்காலம் முடிந்த உயிர்ப்பு ஞாயிறன்று காலை, கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலே குண்டு வெடித்தது. அன்று நாட்டின் பல இடங்களிலும் நிகழ்ந்த தாக்குதல்களால் 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். பழிவாங்க எழவேண்டாமென்று பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் வேண்டினார். பாடசாலைகள் மீளத் திறந்தபோது வாயில்களிலே புத்தகப் பைகள் சோதிக்கப்பட்டன. பையைச் சோதிப்பது காவலர்க்கு இயலும். பக்கத்து இருக்கையிலுள்ள முஸ்லிம் தோழனைக் குறித்து உள்ளத்தில் எழும் ஐயத்தை அவனவனே சோதித்து அகற்றவேண்டும். சிறு சினங்களை அடக்கிப் பழகாத உள்ளம், அத்தகைய பெருந்துயரின் நடுவே திடீரென அன்பு காட்டுதல் அரிது.

2025ஆம் ஆண்டிலே தவக்காலமும் ரமழான் நோன்பும் மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. இடைவேளையிலே, நோன்பிருக்கும் தோழனின் கண்ணெதிரே உணவுப் பொதியை அவிழ்க்காமல் சற்று விலகிச் சென்று உண்ணும் சிறுவன், ஒருசந்திக்குரிய வயதை எட்டாவிடினும் தவக்காலத்தின் பொருளை அறிந்தவனே.