குறைந்த எடை மீண்டும் ஏறுவது ஏன்?

எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்கான விளம்பரங்களை நீங்கள் பார்த்திருக்கக் கூடும். அடுத்தடுத்து இரண்டு படங்கள்: அறுவைக்கு முன் ஒன்று, அறுவைக்குப் பின் ஒன்று. இரண்டாவது படம் பெரும்பாலும் ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ கழித்து எடுக்கப்பட்டதாக இருக்கும். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து எடுத்த மூன்றாவது படத்தைக் காண்பது அரிது. இக்கட்டுரை அந்த மூன்றாவது படத்தைப் பற்றியது.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பெண்களில் 40 பேரும் 100 ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். அறுவைக்காக வெகுதூரம் போகவேண்டியதும் இல்லை; தென்சென்னைப் புறநகரிலேயே செய்கிறார்கள். 2024 ஏப்ரலில் பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் இவ்வறுவைக்கு உட்பட்ட இளைஞர் ஒருவர் உயிரிழக்க, அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. அது அறுவை மேசையில் நேரும் ஆபத்து, அரிதானது. நாம் பேசப்போவதோ மெல்ல வருவது, பலருக்கும் வருவது.

தாம்பரத்தில் ஒரு காலத்தில் எடைக்கு வேறு பொருள் இருந்தது. 1928-ல் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோய்ச் சானடோரியத்தைத் தொடங்கினார். தூய காற்று, ஓய்வு, சத்துணவு இவைதாம் அந்நாளைய சானடோரிய வைத்தியம். நோயாளியின் எடை ஏறினால் குணமாகிறார் என்று பொருள், இறங்கினால் கவலை. நம் உடலுக்கு இன்றும் அந்தப் பழைய கணக்குதான் தெரியும். எடை இறங்குவதை அது நோய் என்றோ பஞ்சம் என்றோதான் எடுத்துக்கொள்கிறது.

அறுவையில் என்ன செய்கிறார்கள்?

இன்று பெருவழக்கில் உள்ளவை இரண்டு. ‘ஸ்லீவ்’ என்பதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி நீக்கி, எஞ்சியதை வாழைப்பழம் போன்ற குழாயாகத் தைத்துவிடுகிறார்கள். ‘பைபாஸ்’ என்பதில் (இதய பைபாஸுடன் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்) இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கிறார்கள். அமெரிக்காவில் அயோவாப் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் 1966-ல் இதைத் தொடங்கினார்.

பை சிறிதானதால் உணவு குறைகிறது. இது பாதி உண்மையே. பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்னும் ஹார்மோனை ஜப்பானியர் 1999-ல் கண்டுபிடித்தனர். அது பெரும்பாலும் இரைப்பையின் மேல்வளைவில் சுரப்பது. ஸ்லீவ் அறுவையில் அந்தப் பகுதிதான் நீக்கப்படுகிறது. மேலும், உணவு விரைவில் குடலை அடைவதால் ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் குடல் ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. ஆகவே இவ்வறுவை கொள்ளளவை மட்டுமன்றி, பசியின் செய்திப் போக்குவரத்தையும் மாற்றுகிறது.

பிறகு ஏன் எடை ஏறுகிறது? சுவீடனில் 1987-ல் தொடங்கிய பெரிய ஆய்வொன்று இந்த மூன்றாவது படத்தை நமக்குத் தருகிறது. பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் இரண்டாண்டுகளுக்குள் தம் எடையில் சராசரியாக 32 சதவீதம் இழந்தார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது அது 25 சதவீதமாக நின்றது. 120 கிலோ இருந்தவர் ஏறக்குறைய 82-க்கு இறங்கி, பின் 90-க்கு வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தோல்வி என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே ஆய்வில், அறுவை செய்துகொள்ளாத ஒப்புமைக் குழுவைவிட இவர்களிடம் இறப்பு ஏறத்தாழ கால்பங்கு குறைந்திருந்தது. ஆனால் சராசரி என்பது சராசரிதான். சிலருக்கு மிகச் சிறிதே ஏறுகிறது. சிலருக்கு இழந்ததில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது.

ஓட்டைத் தொட்டியின் கணக்கு

இயற்பியல் மாணவர்களுக்கு இது பிடிக்கும். அடியில் ஓட்டையுள்ள தொட்டியில் குழாய்நீர் விழுகிறது. நீர்மட்டம் உயர உயர, ஓட்டையின் வழியே வெளியேறும் வேகமும் கூடும். உள்வரவும் வெளிச்செலவும் சமமாகும் மட்டத்தில் நீர் நின்றுவிடும். குழாயைச் சற்று அதிகம் திறந்தால் தொட்டி வழிந்துவிடாது. புதியதொரு மட்டத்தில் நிற்கும்.

உடலும் அப்படியே. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி (உணவுக் கலோரி) அடங்கியிருக்கிறது. அதை வைத்து, நாளுக்கு 100 கலோரி மிகுந்தால் ஆண்டுக்கு நாலே முக்கால் கிலோ, பத்தாண்டில் 47 கிலோ என்று கணக்குப் போடுவது தவறு. எடை கூடினால் செலவும் கூடும். அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலின் கணிப்புப்படி, அந்த 100 கலோரி இறுதியில் சுமார் 4 கிலோவைச் சேர்க்கும். அதில் பாதி முதலாண்டிலும், ஏறக்குறைய முழுவதும் மூன்றாண்டிலும் வந்து சேரும். 100 கலோரி என்பது சர்க்கரை போட்ட ஒரு டம்ளர் பால் காபி. அதாவது, ஏற்றம் பெருந்தீனியால்தான் வரவேண்டும் என்பதில்லை.

தொட்டி உவமை ஓரிடத்தில் உதவாது. உடல் தன் ஓட்டையைத் தானே சுருக்கிக்கொள்ளும்! ஹால் குழுவினர், தொலைக்காட்சி எடைக் குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறாண்டு கழித்து அளந்து 2016-ல் வெளியிட்டனர். அவர்கள் உடல் ஓய்வில் செலவிட்ட ஆற்றல், அவர்களுடைய உடலளவுக்கு எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. அவர்கள் உணவாலும் உடற்பயிற்சியாலும் இளைத்தவர்கள். அறுவை செய்துகொண்டவர்களிடம் இக்குறைவு பொதுவாக இவ்வளவு கடுமையாக இராது. எனினும் சிறுத்த உடலுக்குச் சிறுத்த செலவுதான் என்ற விதி அவர்களுக்கும் உண்டு.

கொழுப்பு உயிரணுக்களின் கதை இன்னும் சுவையானது. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வானில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கரியம்-14 பெருகி, பின் படிப்படியாகக் குறைந்தது. உயிரணு பிறந்த காலத்தின் அளவு அதன் டி.என்.ஏ.யில் பதிந்திருக்கும். இதை வைத்துச் சுவீடன் நாட்டினர் 2008-ல் கொழுப்பணுக்களின் வயதைக் கண்டார்கள். ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு அணுக்கள் இறந்து புதியவை பிறக்கின்றன. மொத்த எண்ணிக்கை மட்டும் மாறுவதில்லை. அறுவைக்கு இரண்டாண்டு கழித்தும் எண்ணிக்கை குறையவில்லை. அணுக்கள் சுருங்கியிருந்தன, அவ்வளவே. காற்றுப் போன பலூன்கள் எல்லாம் அப்படியே காத்திருக்கின்றன. பழைய பருமனின் தடயம் இவ்வணுக்களின் மரபணுச் செயற்பாட்டில் தங்கிவிடுவதையும் 2024-ல் சூரிச் ஆய்வாளர்கள் காட்டினர்.

புனலில் நெல்லும் நீரும்

குறுகிய காம்புள்ள புனலில் நெல்லைக் கொட்டினால் தேங்கும். நீரை ஊற்றினால் நிற்காமல் ஓடும். சிறுத்த இரைப்பையும் அதைப் போலத்தான். கொண்டைக்கடலைச் சுண்டல் நான்கு வாயில் வயிற்றை நிறைக்கும். பாயசம், ஐஸ்கிரீம், பழரசம், தேநீரில் நனைத்த பிஸ்கட் ஆகியவை தடையின்றி வழுக்கிப் போகும். ‘போதும்’ என்னும் உணர்வும் வராது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரைமணி இடைவெளி விடச் சொல்வதன் காரணமும் இதுவே. மாலை ஏழு மணிக்கு மின்சார ரயிலில் இறங்கி, சாப்பாடு ஒன்பதரைக்கு என்னும்போது இடையில் கொறிப்பது எத்தனை என்று எவரும் எண்ணுவதில்லை.

மதுவைத் தனியாகச் சொல்லவேண்டும். பைபாஸுக்குப் பின் மது விரைவில் இரத்தத்தில் ஏறும். குடிப்பழக்கத்துக்கு அடிமையாகும் வாய்ப்பும் கூடுகிறது. கால்பந்து வீரர் மாரடோனா 2005-ல் கொலம்பியாவில் பைபாஸ் செய்துகொண்டு வெகுவாக இளைத்தார். எடை மீண்டும் ஏறியது. 2007-ல் மதுவால் வந்த ஈரல் அழற்சிக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

என்ன செய்யலாம்?

முதலில், மருத்துவரிடம் திரும்பிப் போகவேண்டும். பலர் செய்யாதது இதுதான். “இவ்வளவு பணம் கொட்டியும் பழையபடி ஆகிவிட்டாயே” என்று கல்யாண வீட்டில் யாராவது ஒரு சித்தி கேட்டுவிடுவார். அதன்பின் எடை பார்க்கும் கருவியே பரணுக்குப் போய்விடும். மருத்துவமனைக்குப் போகாததால் எடை மட்டுமா கவனிக்கப்படாமல் போகிறது? வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம் ஆகியவற்றை ஆயுள் முழுதும் எடுத்துக்கொண்டு, இரத்தச் சோதனையும் செய்துவர வேண்டியவர்கள் இவர்கள். உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மேலும், தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநோய் மருந்துகள் ஆகியவையும் எடையை ஏற்றும். இவற்றை மருத்துவர்தான் கண்டறியவேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்துவது கூடாது. பட்டினி கிடப்பதும் கூடாது.

உணவில் முதலிடம் புரதத்துக்கு. நாளுக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும் என்கிறார்கள். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20, வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8 அல்லது 9. சைவர்கள் திட்டமிடாமல் 60-ஐ எட்டுவது கடினம். சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் நடத்திய ஆய்வில், நகரத்தாரின் அன்றாடக் கலோரியில் ஏறக்குறைய பாதி, தீட்டிய அரிசி போன்ற தானியங்களிலிருந்தே வந்தது. நம் தட்டில் சோறு நடுவில் இருக்கிறது, மற்றவை ஓரத்தில். அறுவை செய்துகொண்டவர் ஓரத்தில் இருப்பவற்றை முதலில் உண்ணட்டும்.

உடற்பயிற்சி? 80 கிலோ உடையவர் ரயில் நிலைய மேம்பாலத்தில் 6 மீட்டர் ஏறுகிறார் என்போம். செய்யும் வேலை 4,700 ஜூல். ஒரு கலோரியைச் சற்றே தாண்டும். தசையின் திறன் கால்பங்கே என்பதால் செலவு நாலரைக் கலோரி. ஒரு சிறு இட்லியைக் கரைக்கப் பத்துமுறை ஏறவேண்டும்! எனவே பயிற்சியால் மட்டும் எடையை இறக்கிவிடலாம் என்று எண்ணவேண்டாம். ஆனால் எடையிழப்பின்போது கொழுப்போடு தசையும் போகிறது; அதைக் காப்பது எடை தூக்குதல், உட்கார்ந்தெழுதல் போன்ற பயிற்சிகளே. நடைப்பயிற்சி இரத்தச் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்லது.

புதிய ஊசி மருந்துகளும் வந்துள்ளன. டிர்செபடைடு, செமகுளுடைடு ஆகிய எடைக் குறைப்பு ஊசிகள் 2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்தன. இவை நாம் மேலே கண்ட குடல் ஹார்மோன்களின் வேலையைச் செய்கின்றன. இதே வகையைச் சேர்ந்த லிராகுளுடைடு, அறுவையால் போதிய பயன் பெறாதவர்களின் எடையை 24 வாரத்தில் சராசரியாக 9 சதவீதம் குறைத்ததாக 2023-ல் ஓர் ஆங்கிலேய ஆய்வு வெளியாயிற்று. ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும் என்பதையும், மாதாமாதம் ஆகும் செலவையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கவேண்டும்.

மறு அறுவை கடைசி வழி. முதல் அறுவையைவிட அதில் ஆபத்து அதிகம். அதற்கு ஒப்புக்கொள்ளுமுன் எண்டோஸ்கோப்பியோ, பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரேயோ எடுத்து, பையோ இணைப்போ விரிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விரிந்திருந்தால் திருத்தப் பொருள் உண்டு. விரிந்திராவிட்டால், கத்தியால் ஆவது குறைவு.