அறுபது சீட்டில் ஒரு கணக்கு

குற்றாலத்தில் சாரல் காலம் வந்தால், அருவியில் வெள்ளம் பெருகிக் குளிக்கத் தடை விதிக்கும் நாள்களும் உண்டு. தென்காசி மாணவர்களே, வீட்டில் அடைபட்ட அந்நாள்களில் சீட்டு வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

போகிமான் சீட்டாட்டம் 1996-ல் ஜப்பானில் வெளிவந்தது. இதில் ஒவ்வொருவரும் தமக்கென 60 சீட்டுகள் கொண்ட கட்டைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும். அடிப்படை ஆற்றல் சீட்டுகள் தவிர, ஒரே பெயருள்ள சீட்டு நான்குக்கு மேல் கூடாது. கலைத்தபின் முதலில் 7 சீட்டுகள் எடுக்க வேண்டும்.

கையில் காசு குறைவு. விலையுயர்ந்த அபூர்வச் சீட்டு ஒன்று வாங்குவதா? மலிவான நல்ல சீட்டு ஒன்றையே நான்காக வாங்குவதா?

ஒற்றைச் சீட்டு அந்த ஏழில் வரும் வாய்ப்பு 60-ல் 7. அதாவது நூற்றுக்குச் சுமார் 12. நான்கு இருந்தால், ஒன்றாவது வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 40. நான்கு மடங்கு என்றால் 48 அல்லவா என்று கேட்பீர்கள். சில முறை இரண்டு சீட்டுகள் சேர்ந்தே வந்துவிடும். அதனால்தான் குறைகிறது.

செய்து பாருங்கள்: பழைய அட்டையை ஒரே அளவில் 60 துண்டுகளாக வெட்டுங்கள். நான்கில் மட்டும் புள்ளி வையுங்கள். கவிழ்த்துக் கலைத்து ஏழு எடுங்கள். 50 முறை செய்தால், ஏறக்குறைய 20 முறை புள்ளி வரும். ஒன்றில் மட்டும் புள்ளி இருந்தால் 6 முறை அளவில்தான் வரும்.

எத்தனை வலிய சீட்டானாலும் கட்டின் அடியில் கிடந்தால் பயனில்லை. ஆகவே, மேலும் சீட்டு எடுக்க உதவும் சாதாரணச் சீட்டுகளை முதலில் நான்கு நான்காகச் சேருங்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத உறைகளை வாங்கிக் குவிப்பதைவிட, வேண்டியதை நண்பர்களிடம் மாற்றிக்கொள்வது சிக்கனம். வெற்றி உறுதி என்று கணக்கு சொல்லாது. காசை எங்கே செலவிடலாம் என்று சொல்லும்.