வானத்துல கோடு போட்டது யாரு?

சின்ன வயசுல வானத்துல வெள்ளைக் கோட்டைப் பார்த்தா, "டேய்... ராக்கெட்டு!"ன்னு தெருவே அதிரக் கத்தியிருப்போம்ல? அது ராக்கெட்டும் இல்ல, வெறும் புகையும் இல்ல பாஸ்... பனித்துகள்!

ஜெட் விமானம் 1 கிலோ எரிபொருளை எரிச்சா, சுமார் 1.25 கிலோ நீராவி வெளியே வரும். 10 கிலோ மீட்டர் உயரத்துல, மைனஸ் 40 டிகிரி குளிர்ல அது உறைஞ்சு கோடாகிடுது. காற்று வறண்டிருந்தா குட்டி வால்... சட்டுனு காலி! ஈரமா இருந்தா மணிக்கணக்கா நின்னு, மேகமா விரியும்.

இதை க்ளிக் பண்ண ஹாஸ்டல் மொட்டை மாடியே போதும். காலை, மாலை சாய்வெயில்தான் பெஸ்ட். வெறும் நீலத்துல ஆட்டோ ஃபோகஸ் திணறும். கோட்டோட விளிம்புல ஃபோகஸ் வைங்க. லென்ஸைச் சூரியன் பக்கம் திருப்பாதீங்க, கண் பத்திரம்! ஃப்ளைட்ரேடார்24 ஆப்ல அது எங்கே போற விமானம்னும் பார்க்கலாம்.

ஆனா ஒரு ஷாக்! நாம 'வாவ்' சொல்ற அந்த நீளக் கோடுதான் வில்லன். பகல்ல கொஞ்சம் வெயிலைத் திருப்பி அனுப்பினாலும், ராத்திரியில பூமியோட சூட்டைப் போர்வை மாதிரி பிடிச்சு வைக்குது. கூகுளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் 70 சோதனை விமானப் பயணங்கள்ல, ஈரக் காற்றைத் தவிர்க்கிற மாதிரி உயரத்தை மாத்திப் பார்த்தாங்க. கோடுகள் 54 சதவிகிதம் குறைஞ்சதா 2023-ல அறிவிச்சாங்க!

குட்டி வால் படங்களை 'மொக்கை'ன்னு டெலீட் பண்ணினவன் நான். இப்போ ஒரே கோட்டை 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்து, கரையுதா விரியுதான்னு தேதியோட குறிச்சு வைக்கிறேன். சீக்கிரம் கரைஞ்சா... அன்னிக்குப் படம் சுமார், பூமிக்கு சூப்பர்!