சிங்கப்பூர்-நியூயார்க் விமானம்: டிக்கெட்டில் 6 மணி நேரம், பறப்பதோ 18 மணி நேரம்!

திருச்சி:

அமெரிக்காவில் இருக்கும் மகன், மகளை பார்க்க திருச்சியில் இருந்து சிங்கப்பூர் வழியாக போகும் பெற்றோர் உண்டு. டிக்கெட் கைக்கு வந்ததும் அவர்கள் கேட்பது, "மொத்தம் எவ்வளவு நேரம் உட்காரணும்?" என்பதுதான். டிக்கெட்டில் உள்ள நேரத்தை கழித்து பார்த்தால் விடை கிடைக்காது. அதன் விவரம் வருமாறு:-

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இருந்து நியூயார்க் ஜான் எப்.கென்னடி விமான நிலையத்துக்கு நேர் தூரம் சுமார் 15 ஆயிரத்து 340 கி.மீ. எங்கும் இறங்காமல் பறந்தால் ஏறக்குறைய 18 மணி 40 நிமிடம் ஆகும்.

சுற்றி போனாலும் லாபம்

இந்த தூரத்தை மேப்பில் ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. பூமி உருண்டை ஆச்சே! பந்து மேல் இரண்டு ஊரையும் குறித்து நூலை இழுத்து பிடித்தால், அது வட துருவத்தை ஒட்டி போகும். அந்த நூலின் நீளம்தான் நேர் தூரம்.

ஆனால் விமானம் எப்போதும் அந்த வழியில் போவதில்லை. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்கு நோக்கி 'ஜெட் ஸ்ட்ரீம்' என்ற பலத்த காற்று வீசுகிறது. அது பின்னால் இருந்து தள்ளினால் நேரமும் எரிபொருளும் மிச்சம். அதனால் போகும்போது பசிபிக் கடல் மேலேயும், வரும்போது அட்லாண்டிக் கடல் மேலேயும் பறப்பது உண்டு.

2004-ல் 4 என்ஜின் விமானத்தில் நியூயார்க் அருகே உள்ள நெவார்க்குக்கு தொடங்கிய நேரடி சேவை, எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013-ல் நின்றது. 2 என்ஜின் கொண்ட ஏர்பஸ் ஏ350 வந்த பிறகு 2018 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. 2020 நவம்பரில் கென்னடி விமான நிலையத்துக்கும் விமானம் விடப்பட்டது.

எந்த ஊர் மணி?

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் அந்த ஊர் மணி. இறங்கும் நேரம் இறங்கும் ஊர் மணி. கோடையில் நியூயார்க் 12 மணி நேரம், குளிர்காலத்தில் 13 மணி நேரம் பின்தங்கி இருக்கும். கோடையில் சிங்கப்பூரில் நள்ளிரவு 12 மணிக்கு ஏறினால், நியூயார்க்கில் அதே நாள் காலை 6.40-க்கு இறங்கலாம். 6 மணி 40 நிமிடம்தானே என்று நினைத்தால் தப்பு!

திரும்பும்போது இது தலைகீழ். ஞாயிறு இரவு 10 மணிக்கு நியூயார்க்கில் ஏறினால், சிங்கப்பூரில் இறங்குவது செவ்வாய் அதிகாலை. அழைக்க போகிறவர்கள் திங்கட்கிழமையே போய் நின்றால் அலைச்சல்தான்.

மாத்திரை கையில் இருக்கட்டும்

திருச்சி-சிங்கப்பூர் பயணம் 4 மணி நேரத்துக்கு மேல். அதையும், சிங்கப்பூரில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் 24 மணி நேரத்தை தாண்டிவிடும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை, இன்சுலின் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை எடுப்பது என்பதை கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. எனவே அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும்.