உஷார்! பேஸ் கிட்டாரில் ஃப்ரெட்டைப் பிடுங்கப் போகிறீர்களா?

கட்டிங் பிளேயரைக் கீழே வையுங்கள். பிறகு பேசலாம்.

மெல்லிசைக் குழுவிலும் சர்ச் கொயரிலும் பேஸ் வாசிக்கும் உறையூர்த் தம்பிகளுக்குத்தான் இந்த எச்சரிக்கை. கமகம் வழுக்கிக்கொண்டு வரவேண்டும், அதற்கு ஃப்ரெட்தான் தடை, பிடுங்கிவிட்டால் ஃப்ரெட்லெஸ் பேஸ் தயார் என்று ஒரு கணக்கு. ஆசை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். ஜாக்கோ பாஸ்டோரியஸ் 1976இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தைக் கேட்ட எந்த பேஸ்காரனுக்கும் கை அரிக்கும். அவர் வாசித்த 1962ஆம் வருட ஃபெண்டர் ஜாஸ் பேஸ், ஃப்ரெட்டோடு பிறந்த வாத்தியம்தான். ஆனால் பிடுங்கியதோடு வேலை முடியவில்லை. காடிகளை அடைத்து, படகுக்குப் பூசும் எபாக்ஸியை விரல்பலகை மேல் பூசினார்கள். கதையின் இந்தப் பாதி நம்மவர்கள் காதில் ஏறுவதே இல்லை.

கமகத்துக்கு ஃப்ரெட் எதிரி என்பதே தப்பு. வீணையில் 24 மெட்டு இருக்கிறது. அதில் வராத கமகமா? அந்த மெட்டுகள் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த மெழுகில் உட்கார்ந்திருப்பவை. மெழுகை இளக்கி எடுக்கலாம், திரும்ப வைக்கலாம். நம் பக்கத்துப் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் வாசித்த கோட்டுவாத்தியத்துக்கு மெட்டே கிடையாது. அதைச் செய்யும்போதே அப்படித்தான் செய்கிறார்கள். பேஸ் கிட்டார் இந்த இரண்டிலும் சேராது. அதன் ஃப்ரெட், மரத்தில் அறுத்த காடிக்குள் அடித்து இறக்கியது. அடியில் முள் போன்ற பிடிப்புகள் வேறு. சூடு காட்டாமல் பிடுங்கினால் ரோஸ்வுட் பலகை சில்லு சில்லாகப் பெயர்ந்து கூடவே வரும்.

இதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. நான்கு கம்பிகளும் சேர்ந்து நெக்கைச் சுமார் 75 கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டிருக்கின்றன. இருபது ஃப்ரெட்டும் இருபது ஆப்பாக நின்று அந்த இழுப்பைத் தாங்க உதவுகின்றன. மொத்தமாக எடுத்துக் காடிகளை வெறுமனே விட்டால் நெக் முன்பக்கம் வளையும். ட்ரஸ் ராடைத் திருகித் திருகி நிமிர்த்தப் பார்ப்பீர்கள். மரை போனால் நெக்கைத் தூக்கி எறிய வேண்டியதுதான். ஃபெவிகாலில் மரத்தூளைக் குழைத்து அடைப்பதும் ஆகாது, காய்ந்ததும் சுருங்கிவிடும். காடியின் அகலம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம்; அதற்குச் சரியாகப் பொருந்தும் வெனீர் துண்டுதான் வேண்டும். முரட்டுத்தனமாகத் திணித்தால் நெக் பின்பக்கம் வளையும், அதுவும் வம்பு.

அடுத்த கண்டம், தெருமுனைப் பட்டறை. நாற்காலியும் கதவும் அருமையாகச் செய்யும் ஆசாரிதான், சந்தேகமில்லை. ஆனால் விரல்பலகை தட்டையானதல்ல. குறுக்கே லேசான வளைவு உண்டு. "கொஞ்சம் மட்டமாக்கிடறேன்" என்று அவர் நல்லெண்ணத்தோடு இழைப்புளியை இரண்டு இழுப்பு இழுத்தால் வளைவு போச்சு. அதே வளைவில் குடைந்த கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். முகத்துக்கு மாஸ்க் கட்டாயம். ரோஸ்வுட் தூள் பலருக்குத் தோலில் அரிப்பையும் மூச்சில் இழுப்பையும் கொண்டுவரும்.

சால்டரிங் அயர்னால் சூடு காட்டும்போது இன்னொரு பொறி காத்திருக்கிறது. பல ஃப்ரெட்டுகளை ஃபெவிக்விக் ரகப் பசையால் ஒட்டியிருப்பார்கள். அது சூடானால் வரும் ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். பூட்டிய அறையில் உட்கார்ந்து செய்யாதீர்கள். வெனீரை ஒட்டும்போது வழியும் அதே பசையை உறையூர்க் கைத்தறித் துண்டால் துடைக்கவும் கூடாது. பஞ்சு நூலில் பட்டால் சட்டென்று சூடேறிப் புகையும், விரலைச் சுடும். எபாக்ஸியும் மே மாதத் திருச்சியும் சேரவே சேராது. 40 டிகிரி வெயிலில் கலந்து வைத்தால், பூசி முடிப்பதற்குள் கப்பிலேயே கொதித்து இறுகிவிடும். பூசிய நெக்கைக் காயட்டும் என்று மொட்டை மாடியில் போட்டுவிட்டு வராதீர்கள். கூரையில்லாமல் வெயிலைத் தாங்க வெக்காளியம்மனால்தான் முடியும்.

சரி, எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஃப்ரெட்டின் உயரம் போனதால் கம்பி பலகையிலிருந்து எழும்பி நிற்கும்; நட்டின் காடியை ஆழப்படுத்தி, பிரிட்ஜையும் இறக்க வேண்டும். ரவுண்ட்வுண்ட் கம்பி, பூச்சில்லாத மரத்தை அரம்போல் அராவும். ஃப்ளாட்வுண்ட் மாட்டுங்கள். பக்கவாட்டுப் புள்ளிகளை நம்பி விரல் வைத்தால் அபஸ்வரம்தான்: அவை இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் இருக்கின்றன, ஸ்வரமோ ஃப்ரெட் இருந்த கோட்டின் மேலேயே நிற்கிறது. 34 அங்குல பேஸில் முதல் அரைஸ்வரத்துக்கு 48 மில்லிமீட்டர் இடம் இருக்கிறது; 12ஆம் கோட்டைத் தாண்டியதும் அது 24 ஆகிவிடும். திருவிழா மேடையில், மானிட்டரில் தவிலும் பேடும் மட்டுமே கேட்கிற சத்தத்தில், இந்த 24 மில்லிமீட்டருக்குள் சரியான இடத்தைத் தேட வேண்டும். கீபோர்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

இருக்கும் ஒரே பேஸில் இந்த விளையாட்டே வேண்டாம். பெரும்பாலான பேஸ்களில் நெக் நான்கு திருகாணிகளில்தான் நிற்கிறது. ஸ்கேல் நீளத்தையும், நெக் உட்காரும் பள்ளத்தின் அகலத்தையும் அளந்து, தனியாக ஒரு ஃப்ரெட்லெஸ் நெக் வாங்கி மாட்டுங்கள். ஃபெண்டரே 1970இலிருந்து ஃப்ரெட்லெஸ் பிரிசிஷன் பேஸ் விற்றிருக்கிறது, ஆகவே அந்த அளவில் நெக் கிடைப்பது கஷ்டமில்லை. பிடிக்கவில்லையென்றால் பழைய நெக் பத்திரமாகப் பீரோவில் இருக்கும். ஆனால் அந்தத் திருகாணிகளில் கைவைக்கும் முன் நான்கு கம்பிகளையும் முழுசாகத் தளர்த்திவிடுங்கள். இழுப்போடு கழற்றினால் நெக் தெறித்துக் கிளம்பும், குனிந்து பார்த்துக்கொண்டிருப்பது உங்கள் முகம்தான்.