மார்த்தாளின் இரண்டு விருந்துகள்



சென்ற ஈஸ்டர் அன்று, நைட் டியூட்டி முடித்துவிட்டு நேரே சபைக்கு வந்தேன். ஆராதனைக்குப் பிறகு ஐக்கிய விருந்து. பிரியாணி அண்டாக்களைத் தேய்த்துக் கழுவியது நான்தான். நன்றியுரையில் சமைத்தவர்கள், பாடியவர்கள், நாற்காலி போட்டவர்கள் எல்லாருடைய பெயரும் வந்தது. என் பெயர் வரவில்லை. சிரித்தபடி கைதட்டினேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உள்ளுக்குள் முறுமுறுப்பு. "அடுத்த முறை வேறு யாராவது கழுவட்டும்" என்றுகூட நினைத்தேன்.

அன்று இரவு மறுபடியும் டியூட்டி. மறதி நோயுள்ள ஒரு தாத்தாவின் படுக்கை நனைந்திருந்தது. அவரைத் துடைத்து, உடை மாற்றி, படுக்கைப்புண் வராதபடி பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன். அரை மணி நேரம் கழித்து அவரைப் பார்க்கப் போனபோது, "நீ யார்?" என்று கேட்டார். எனக்குக் கொஞ்சமும் வருத்தம் வரவில்லை. அவர் நிம்மதியாகத் தூங்கினால் போதும் என்றிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. அவருடைய நன்றியை எதிர்பாராமல் அவருக்குச் செய்ய முடிந்தது. கர்த்தருக்கென்று செய்த வேலைக்கு மட்டும் ஏன் கைதட்டலைத் தேடினேன்? அப்படியானால் அந்த அண்டாக்களை நான் யாருக்காகக் கழுவினேன்?

லூக்கா 10ஆம் அதிகாரத்தில் வரும் மார்த்தாளைப் பாருங்கள். அவள் வேலை செய்ததை ஆண்டவர் குறை சொல்லவில்லை. அவளுடைய கலக்கத்தைத்தான் சுட்டிக்காட்டினார். அவள் கண் ஆண்டவரை விட்டுச் சகோதரியின்மேல் போயிருந்தது. யார் எவ்வளவு செய்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கியதும் சந்தோஷம் போய்விட்டது.

யோவான் 12ஆம் அதிகாரத்தில், பஸ்காவுக்கு ஆறு நாள் முன்பு, பெத்தானியாவில் இன்னொரு விருந்து. அங்கேயும் மார்த்தாள்தான் பரிமாறுகிறாள். அங்கேயும் மரியாள் இருப்பது ஆண்டவருடைய பாதத்தருகில்தான். ஆனால் இந்த முறை மார்த்தாள் முறையிட்டதாக ஒரு வார்த்தைகூட இல்லை. அன்று கணக்குப் பார்த்தவன் யூதாஸ். அந்தத் தைலத்தை 300 பணத்துக்கு விற்றிருக்கலாமே என்றான்.

இரண்டு விருந்துகளுக்கும் நடுவில் என்ன நடந்தது? மரித்துப்போன சகோதரன் லாசருவை ஆண்டவர் உயிரோடு எழுப்பினார். அவன் அதே பந்தியில் உட்கார்ந்திருக்கிறான். ஆண்டவர் தனக்குச் செய்தது கண்முன்னே இருக்கும்போது, தான் செய்வதை எண்ணிப் பார்க்கத் தோன்றுமா?

கீபோர்டு வாசிக்கிறவர்களே, பாட்டு வரிகளைத் திரையில் போடுகிறவர்களே, ஓய்வுநாள் பள்ளியில் கற்பிக்கிறவர்களே, இந்த வாரம் உங்களையே ஒன்று கேட்டுப் பாருங்கள்: "என் பெயரை யாரும் சொல்லாவிட்டாலும், அடுத்த ஞாயிறும் இதே வேலையைச் சந்தோஷமாகச் செய்வேனா?"

களைத்துப்போனால் உதவி கேளுங்கள். அது முறுமுறுப்பு அல்ல. மற்றவர்களுக்கு நன்றி சொல்லவும் மறக்காதீர்கள். ஆனால் நமக்கு நன்றி வராத நாளில், ஆண்டவர் நமக்குச் செய்ததை நினைத்துக்கொள்வோம்.

அடுத்த ஐக்கிய விருந்திலும் நான் அண்டா கழுவும் இடத்தில்தான் இருப்பேன். ஒரு கை கொடுக்க வருகிறவர்கள் வரலாம்.